லண்டனில இருந்து ஊர் எத்தினை மணித்தியாலம்?

யூலை கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டும். அதற்கு ஆறு ஏழு மாதம் முதலே ஈஸ்ட் ஹாம், ஹரோ, ரூட்டிங் பக்கத் தமிழ் வீடுகளில் ரிக்கற் விலை பார்க்கிற வேலை தொடங்கிவிடும். லண்டன் – கொழும்பு என்று கூகிளில் தட்டினால் உடனே விடை வரும். தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். நேரடி விமானம் கிட்டத்தட்டப் பத்தே முக்கால் மணித்தியாலம்.

இரண்டு எண்ணும் சரிதான். ஆனால் அதை நம்பி யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவிடம், "நாளைக்கு மத்தியானம் வந்திடுவம்" என்று சொல்லிவிடாதேங்கோ. அவர் இடியப்பத்தையும் சொதியையும் மூடி வைத்துவிட்டு இரவு ஒன்பது மணி வரைக்கும் படலையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டி வரும்.

இங்கே பிறந்தும், சின்ன வயதில் வந்தும் வளர்ந்த எங்களுக்கு இந்தக் கணக்கு விடுமுறைக் கணக்காகத்தான் பழக்கம். எங்கட பெற்றாருக்கு அது வேறு கணக்கு. ஊரில் யாருக்காவது சுகமில்லை என்று போன் வருகிற அன்று அது எங்களுக்கும் வேறு கணக்காகிவிடும். அதனால் ஒருக்கால் ஆறுதலாக இருந்து இதைக் கணக்குப் பார்ப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கோ, அவர்களுக்கும் பிடிக்கும்.

உருண்டையில் ஒரு நூல்

தூரத்தைக் காட்டுவதற்குச் சுவர்ப் படத்தை விடப் பூகோள உருண்டை நல்லது. ஒரு நூலை எடுத்து, ஒரு நுனியை லண்டனிலும் மற்ற நுனியைக் கொழும்பிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கோ.

தட்டையான படத்தில் இலங்கை லண்டனுக்குத் தென்கிழக்கில் இருக்கிறது. ஆகவே விமானம் பிரான்ஸ், இத்தாலி, சவூதி அரேபியா என்று சரிந்து போகும் போலத் தோன்றும். நூல் அப்படிப் போகாது. லண்டனை விட்டு ஏறக்குறைய நேர் கிழக்கே வெளிக்கிடும். ஜேர்மனி, செக், சிலோவாக்கியா, மால்டோவா எல்லாம் தாண்டிக் கருங்கடலுக்கு வரும். துருக்கி – ஆர்மீனிய எல்லையில், அரராட் மலைப் பக்கமாக ஈரானுக்குள் நுழையும். சரிபாதித் தூரம் தெஹ்ரானுக்குக் கொஞ்சம் மேற்கே வருகிறது. அதற்குப் பிறகு அரபிக்கடல், கர்நாடகக் கரையில் உடுப்பிப் பக்கம், கேரளம், மன்னார் வளைகுடா, கடைசியாகக் கட்டுநாயக்கா.

சென்னைக்காரர்கள் நூலின் நுனியைச் சென்னையில் வைத்துப் பாருங்கோ. தூரம் சுமார் 8,200 கிலோமீற்றர். பாதித் தூரம் கஸ்பியன் கடலுக்கு மேலே வரும்.

இனி யாழ்ப்பாணத்தில் வையுங்கோ. பலாலி வரைக்கும் சுமார் 8,500 கிலோமீற்றர்தான். அதாவது யாழ்ப்பாணம் கொழும்பை விட லண்டனுக்கு இருநூறு கிலோமீற்றர் கிட்ட! நாங்கள் ஊரை விடத் தூரத்தில் போய் இறங்கி, அங்கே இருந்து வீதியால் நானூறு கிலோமீற்றருக்குக் கிட்டத் திரும்பி வருகிறோம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "அப்ப ஏன் நேர போகேலாது?" என்பதுதான். அதற்கு விடை பிறகு.

பத்தே முக்கால் எப்படி வருகிறது

பெரிய பயணிகள் விமானம் மேலே ஏறிய பிறகு மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். 8,700ஐ 900ஆல் பிரித்தால் ஒன்பது மணி நாற்பது நிமிடம் வரும். மிச்ச ஒரு மணித்தியாலம் எங்கே போகிறது?

முதலாவது, விமானக் கம்பனி ரிக்கற்றில் போடுகிற நேரம் பறக்கிற நேரம் மட்டும் இல்லை. ஹீத்ரோவில் வாசலை விட்டு விமானம் நகர்ந்த நிமிடத்தில் இருந்து, கட்டுநாயக்காவில் வாசலில் வந்து நிற்கிற நிமிடம் வரைக்கும் கணக்கு. ஹீத்ரோவின் ஓடுபாதையில் வரிசையில் நின்று ஊர்ந்து போகிற நேரமும் அதற்குள் அடக்கம்.

இரண்டாவது, எந்த விமானமும் நூல் மேல் போவதில்லை. இப்போது இது முன்னரை விடப் பெரிய காரணம். 2022 பெப்ரவரி 24இல் இருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்குப் பூட்டிக் கிடக்கிறது. போர் நடக்கிற இடத்துக்கு மேலே பறப்பது எவ்வளவு ஆபத்து என்று 2014 யூலை 17இல் எல்லோருக்கும் தெரிந்தது. அன்று கிழக்கு உக்ரைனில் மலேசியன் எயார்லைன்ஸின் எம்.எச். 17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேரும் இறந்தார்கள். 2025 யூன் 13 ஈரான் வான்வெளியும் மூடப்பட்டது. எங்கட நூலின் நடுப்பகுதி முழுக்க ஈரான்தான் என்று இப்போதுதான் பார்த்தோம். பத்து நாள் கழித்து, யூன் 23 இரவு, கட்டாரும் சில மணித்தியாலம் வான்வெளியை மூடியது. டோஹா வழியாக ஊருக்குப் போக ரிக்கற் வைத்திருந்தவர்களுக்கு அந்த இரவு நல்ல ஞாபகம் இருக்கும். வீதி மறிப்பு வானத்திலும் உண்டு. விமானம் சுற்றிப் போக வேண்டும், சுற்றினால் நேரமும் எரிபொருளும் கூடும்.

மூன்றாவது, காற்று. விமானங்கள் பறக்கிற உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி ஒரு வேகமான காற்று ஆறு ஓடுகிறது. ஊருக்குப் போகும்போது அது பின்னால் நின்று தள்ளும். திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். அதனால்தான் திரும்பி வருகிற பயணம் அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ நீளும். "வரேக்க ஏன் கூட நேரம்?" என்று பிள்ளை கேட்டால், இதுதான் பதில்.

தூரத்துக்கு இன்னொரு கணக்கும் ரிக்கற் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. பிரித்தானிய அரசு எடுக்கிற விமானப் பயணி வரி, நீங்கள் போகிற நாட்டின் தலைநகரம் லண்டனில் இருந்து எத்தனை மைல் என்பதைப் பொறுத்தது. 2023 ஏப்ரலில் இருந்து 2,001 முதல் 5,500 மைல் வரை ஒரு படி, அதற்கு மேலே இன்னொரு படி. 8,700 கிலோமீற்றர் என்றால் 5,400 மைல் சொச்சம். ஆக இலங்கை மயிரிழையில் நடுப்படிக்குள் நிற்கிறது. எக்கொனமி வகுப்பில் போகிற 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த வரியே இல்லை. உங்கட ரிக்கற்றில் பிள்ளைக்கும் அது சேர்ந்திருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கோ.

வாசலில் இருந்து வாசலுக்கு

இனி உண்மையான கணக்கு. கோடைகாலத்தில் ஈஸ்ட் ஹாமில் இருந்து யாழ்ப்பாணம் போகிற ஒரு குடும்பத்தை எடுப்போம்.

பின்னேரம் நாலரைக்கு வீட்டுப் படியை விட்டு இறங்குகிறார்கள். ஆறேகாலுக்கு ஹீத்ரோ. இரவு ஒன்பதுக்கு விமானம் நகர்கிறது. பத்தே முக்கால் மணித்தியாலம் கழித்து லண்டனில் காலை ஏழே முக்கால். கோடையில் இலங்கை நாலரை மணித்தியாலம் முன்னால் நிற்பதால் அங்கே மதியம் பன்னிரண்டேகால். குடிவரவு, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்றரை ஆகும். வான் பிடித்து, புத்தளத்திலோ அநுராதபுரத்திலோ சாப்பிட நிறுத்தி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று போய்ச் சேர இரவு ஒன்பதேகால். லண்டனில் அப்போது பின்னேரம் நாலே முக்கால்.

கூட்டிப் பாருங்கோ: இருபத்து நாலேகால் மணித்தியாலம். அதில் விமானம் பாதிகூட இல்லை.

டுபாய் வழியாகப் போனால் என்ன? நூலை லண்டனில் இருந்து டுபாய்க்கும் அங்கே இருந்து கொழும்புக்கும் வைத்துப் பாருங்கோ. 5,500ம் 3,300ம், மொத்தம் கிட்டத்தட்ட 8,800. நேர்ப் பாதையை விட நூறு கிலோமீற்றர்கூட அதிகம் இல்லை! தூரத்தால் நட்டமே கிடையாது. ஆனால் இறங்கி, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நின்று, நடுச்சாமத்தில் நித்திரை வெறியில் இருக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வாசலைத் தேடுகிற மூன்று நாலு மணித்தியாலம் கூடும். ரிக்கற் காசில் மிச்சம் வருவதும் உண்மை. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ முழங்கால் வருத்தத்தோடு கூட வருகிறார்கள் என்றால், ரிக்கற் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி வேணும் என்று பதிந்துவிடுங்கோ. அதற்குத் தனிக் காசு இல்லை.

"நேர போகேலாதா?" என்ற கேள்விக்கு இப்போது வருவோம். பலாலியில் இறங்குவது சின்ன விமானங்கள். லண்டனில் இருந்து வருகிற பெரிய விமானத்துக்கு அங்கே வசதி இல்லை. ஆனால் சென்னை வழியாகப் போகலாம். பலாலி 2019 ஒக்ரோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் அந்தப் பாதைக்கு வந்தது. சென்னையில் இருந்து பலாலி நேர்கோட்டில் 360 கிலோமீற்றர்தான், சின்ன விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். அங்கே இருந்து யாழ் நகரம் அரை மணித்தியால ஓட்டம். சென்னையில் காத்திருக்கிற நேரம் குறைவாக அமைந்தால் கொழும்பு வழியை விட இது சுருக்கம், அமையாவிட்டால் நீளம். இரண்டும் தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் குடிவரவைக் கடந்து பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசாவும் வேணும். சின்ன விமானத்தில் எத்தனை கிலோ விடுவார்கள் என்பதையும் முதலே பாருங்கோ. லண்டனில் கட்டிய பெட்டி அங்கே பாரம் கூடிப்போகும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். லண்டனில் இருந்து நேரடி விமானம் சென்னைக்குத்தான். மதுரை, திருச்சிக்காரர்கள் பலர் கொழும்பில் இறங்கி ஒரு மணித்தியாலப் பறப்பில் ஊருக்குப் போகிறார்கள். அவர்கள் எங்கட ஊர் வழியாக, நாங்கள் அவர்கள் ஊர் வழியாக!

முந்தி எத்தனை நாள்

1914 மார்ச் 17 சென்னையில் நெவாசா என்ற கப்பலில் ஏறிய கணிதமேதை இராமானுஜன், ஏப்ரல் 14 லண்டன் வந்து சேர்ந்தார். இருபத்தெட்டு நாள். சுயெஸ் கால்வாய் திறந்து நாற்பத்து நாலு வருடம் கழிந்த பிறகும் அவ்வளவு.

1929 மார்ச்சில் இம்பீரியல் எயார்வேஸ் லண்டனில் இருந்து கராச்சிக்குச் சேவை தொடங்கியபோது அது ஏழு நாள் பயணம், 130 பவுண் ரிக்கற். 1932 ஒக்ரோபரில் டாட்டாவின் தபால் விமானம் கராச்சியில் இருந்து பம்பாய் வழியாகச் சென்னை வரைக்கும் வந்தது. 1947 டிசம்பரில் எயார் சிலோன் இரத்மலானையில் இருந்து யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. ஆக யாழ்ப்பாணம் – சென்னை விமானம் எங்கட காலத்துப் புதுமை இல்லை, பாட்டன் காலத்துப் பாதை. 1952இல் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கொமெற் ஓடத் தொடங்கி, அதே வருடம் லண்டன் – கொழும்புப் பாதைக்கும் வந்தது. நாட்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின.

பிறகு 1983 வந்தது. விமானத்தின் வேகம் குறையவில்லை, ஆனால் ஊர் தூரமாகியது.

1987 பெப்ரவரியில், தஞ்சம் கேட்டு வந்த தமிழர்கள் ஐம்பது பேருக்கு மேல் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்பட இருந்தார்கள். விமானத்தில் ஏற்றப் போகும்போது அவர்கள் உடுப்பைக் களைந்துவிட்டுக் குளிரில் நின்று மறுத்தார்கள். நாங்கள் பிள்ளைகளுக்கு பர்கர் வாங்கிக் கொடுக்கிற அதே எயார்போர்ட்தான். அந்த வருடம் ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலில் தடுத்து வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். ஒக்ரோபரில் அடித்த பெரும் புயலில் அந்தக் கப்பல் கட்டறுந்து போனது.

இங்கே அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கும் ஊருக்கு வழி இல்லை. அவர்களுக்குக் கொடுத்த பயணப் பத்திரத்தில் எல்லா நாடும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. பிரித்தானியக் குடியுரிமை எடுத்துக் கொழும்பு வரைக்கும் போனவர்களுக்கோ, அங்கே இருந்து யாழ்ப்பாணம் போவது லண்டனில் இருந்து கொழும்பு வந்ததை விடப் பெரிய பயணம். 1990இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் போவது நின்றது. 90களின் தொடக்கத்தில் சனம் இரவோடு இரவாகக் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்தது. ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டியது. யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாண ஸ்டேசனுக்கு வந்தது 2014 ஒக்ரோபரில்தான்.

ஆகவே எங்கட அப்பாமாரிடம் அந்தக் காலத்தில் "ஊர் எவ்வளவு தூரம்?" என்று கேட்டிருந்தால் அவர்கள் மணித்தியாலத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். "ஆத்தேன்ர செத்தவீட்டுக்குப் போகேல்லை" என்று சொல்லியிருப்பார்கள். பலர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

செய்தி வருகிறபோது

எங்களுக்கும் ஒருமுறை அந்தத் தூரம் என்னவென்று தெரிந்தது. 2020 மார்ச்சில் இலங்கை விமான நிலையங்கள் வருகிறவர்களுக்குப் பூட்டப்பட்டன. சுற்றுலாப் பயணிகளுக்கு மறுபடி திறந்தது 2021 யனவரி 21. அந்தப் பத்து மாதத்தில் எத்தனையோ வீடுகளில் செத்தவீட்டைத் தொலைபேசித் திரையில் பார்த்தோம்.

இப்போது பாதை திறந்திருக்கிறது. ஆனால் இருபத்து நாலு மணித்தியாலம் என்பதை மனதில் வைத்திருந்தால்தான் அது உதவும்.

திங்கள் காலை ஆறு மணிக்கு லண்டனில் போன் அடிக்கிறது என்று வையுங்கோ. ஊரில் அப்போது பத்தரை. அன்றிரவு விமானத்தில் இடம் கிடைத்தால் செவ்வாய் இரவு ஒன்பதுக்கு வீட்டுப் படலை. புதன் காலை கிரியை. அதாவது ஊரில் இருக்கிறவர்கள் இரண்டு இரவு பொறுக்க வேண்டும். "நான் வாறன், வைச்சிருங்கோ" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஐயருக்கும், உறவுக்கும், மலர்ச்சாலைக்கும் நாள் சொல்ல வேண்டும். "செவ்வாய் இரவு நிப்பன், புதன் விடிய எடுப்பம்" என்று முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் சொல்லிவிட்டால் அவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வார்கள். யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறது இப்போது எல்லோருக்கும் பழகின விசயம்.

போக முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது அன்றைய விமானம் மட்டும் இல்லை, அலுமாரிக்குள் இருக்கிற பாஸ்போட்டும்தான். பிரித்தானியப் பாஸ்போட் பெரியவர்களுக்குப் பத்து வருடம், பிள்ளைகளுக்கு ஐந்தே வருடம். இலங்கைக்குள் போக ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும், இணையத்தில் எடுக்கிற ஈ.ரி.ஏ. அனுமதியும் வேணும். பிள்ளையின் பாஸ்போட்டை விரைவுச் சேவையில் புதுப்பித்தாலும் ஒரு வாரம் ஆகும். செத்தவீடு ஒரு வாரம் நிற்காது. இன்றைக்கே திகதியைப் பாருங்கோ.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு சொல். இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் தவணைக்குள் பிள்ளையைக் கூட்டிப் போனால், 2024 ஓகஸ்டில் இருந்து ஒரு பெற்றாருக்கு ஒரு பிள்ளைக்கு 80 பவுண் அபராதம், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. ஆனால் விசேட காரணம் என்றால் தலைமை ஆசிரியர் லீவு கொடுக்கலாம். அம்மம்மாவின் செத்தவீடு என்று எழுதிக் கேளுங்கோ. முதலே கேட்டுவிட்டுப் போங்கோ.

எல்லோராலும் முதல் நாளே வெளிக்கிட முடியாது. கைக்குழந்தை, வேலை, காசு என்று ஆயிரம் இருக்கும். செத்தவீட்டுக்கு ஒருவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மற்றவர் என்று சகோதரங்கள் பிரித்துக்கொள்கிற வீடுகள் நிறைய உண்டு. அது குறை இல்லை. 8,500 கிலோமீற்றருக்கு ஏற்ற மாதிரி எங்கட சனம் கண்டுபிடித்த வழி அது.

இந்த ஓகஸ்டில்

பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஒரே காலத்தில் வருவதால் ரிக்கற் விலை இந்த முறையும் குறையாது. போகிறவர்கள் பிள்ளைகளின் முன்னால் இருக்கிற திரையில் படத்தை நிறுத்திவிட்டு, ஒருக்கால் பாதை வரைபடத்தைப் போட்டுவிடுங்கோ. கருங்கடல் எது, கஸ்பியன் எது, விமானம் எந்த நாட்டைச் சுற்றிப் போகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

போகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இங்கே உங்களோடு இருக்கிற அப்பா அம்மாவை இருத்தி, அவர்கள் லண்டன் வந்த பயணத்தைக் கேட்டு எழுதுங்கோ. எந்த மாதம் வெளிக்கிட்டது, எந்தெந்த நாட்டில் எத்தனை நாள் நின்றது, யார் காசு கொடுத்தது, ஹீத்ரோவில் முதல் ஆளாக யார் வந்து கூட்டிப் போனது. எங்கட பயணத்தின் மணித்தியாலம் ரிக்கற்றில் அச்சடித்திருக்கிறது. அவர்களின் பயணத்துக்கு ரிக்கற்றும் இல்லை, கூகிளில் விடையும் இல்லை. அவர்களிடம் கேட்டால்தான் உண்டு.